ஜல்லிக் குவியலில் நான்கு முட்டை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு வரும். மூன்று பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் கொல்லைகள். நாலாவது பக்கம், பாதைக்கு அந்தப் புறம், யாரும் உழாத கரம்பு. எனக்கு டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடை. என் மனைவி அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

பங்குனியில் மட்டும் இந்தக் கணக்கு மாறிவிடும். சோளம் அறுத்து முடித்ததும் அதற்குள் மறைந்து குடித்தனம் நடத்தியதெல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். வேம்பு பூத்து வாசலெல்லாம் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். அணில்கள் துணி காயும் கொடியில் ஒன்றை ஒன்று துரத்தும். கொல்லைப்புறக் குழாயடிக்குக் கீரி ஒன்று தினமும் ஒரே நேரத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். போன வருஷம் ஒரு உடும்பு குளியலறைக்குள் வந்து, நான் உள்ளே இருந்ததால், காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. இதற்கெல்லாம் நான் பழகியிருந்தேன். பழகாதது மயில் ஒன்றுக்குத்தான்.

அதற்குக் காரணம் கார். அந்த வருஷம் நான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். கறுப்பு நிறம். மனைவிக்கு அதில் விருப்பமில்லை.

"பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

"மழை வெயில்னு பாதையில நடக்கிறல்ல?"

"பத்து நிமிஷம் நடக்கிறேன். அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. உங்களுக்கு ஆசைன்னு சொல்லிட்டு வாங்குங்க."

ஆசை என்றே சொல்லி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைத்துப் பளபளப்பேற்றினேன். கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. நிறுத்த ஷெட் இல்லாததால் கேட்டை ஒட்டிய வேப்ப மரத்தடியில் நின்றது.

ஒருநாள் விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டும் சத்தம். எழுந்துபோய்த் திறந்தேன், யாரும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. சுற்றிவந்து பார்த்தால், காரின் கதவுக்கு முன்னால் ஒரு மயில் தோகையை முழுசாக விரித்துக்கொண்டு நின்றது. கதவுக்குள்ளும் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. வெளியில் இருந்தது ஒரு சுற்றுச் சுற்றியது, உள்ளே இருந்ததும் சுற்றியது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் இது எகிறி, இரண்டு காலாலும் கதவை உதைத்து, மூக்கால் நாலு கொத்து கொத்தியது.

துண்டை வீசி விரட்டினேன். மரத்தில் ஏறி உட்கார்ந்து நான் உள்ளே போகும்வரை காத்திருந்தது. பிறகு இறங்கி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அறுபது வயதிருக்கும் அவருக்கு. அந்த மயில்கள் தின்றது போக மிச்சத்தைத்தான் வருஷாவருஷம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"எங் கொல்லையில பூந்து திங்கும்போது ஒருத்தரும் கேக்கல. உங்க காரைக் கொத்துனதும் பேச ஆளு வந்துட்டீங்க. நல்லதுதான்."

"என்னங்க செய்யறது?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. கல்லு கில்லு வுட்டீங்கன்னா கேஸு. பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நான் பாக்கல?"

காருக்கு மனைவியின் பழைய புடவைகளைப் போர்த்தினேன். காற்றில் அவிழ்ந்து பறந்து கொல்லை வேலியில் மாட்டிக்கொண்டன. உறை வாங்கிப் போட்டேன். மயில் அதன் ஓரத்தைக் கால் நகத்தால் தூக்கிப் பார்த்தது. கடையில் பழசாகிப்போன ஆளுயரக் கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்தேன். அங்கே ஒரு எதிரி கிடைத்தால் காரை விட்டுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அது கண்ணாடியிலிருந்த மயிலைக் கால் மணி நேரம் அடித்தது. பிறகு அதற்குத் துணைக்கு வந்தவன் என்று நினைத்தோ என்னவோ, காரிலிருந்த மயிலை அரை மணி நேரம் அடித்தது.

அன்றைக்குத்தான் மூன்று பக்கமும் சுவர் வைத்து, மேலே கான்கிரீட் போட்டு, முன்னால் கதவோடு ஒரு ஷெட் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொத்தனார் ஒருவரைப் பிடித்தேன். அவர் சொன்னபடி ஒரு லாரி ஜல்லி வந்து வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் கொட்டப்பட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் ஜல்லிக்குப் பஞ்சமில்லை, சொன்ன அன்றைக்கே வந்துவிடும். கொத்தனார்தான் வரவில்லை. முதலில் திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்குப் போய்விட்டார். வந்த பிறகு வேறொரு வீட்டில் பாதியில் நின்ற வேலையை முடிக்கப் போனார். பன்னிரண்டு நாள் அந்தக் குவியல் அப்படியே கிடந்தது.

அந்த நாட்களில் ஒரு குருவி வாசலில் கத்திக்கொண்டே இருந்தது. குருவி என்று சொல்வது வழக்கம்தான், உண்மையில் ஒரு சின்னக் கோழி அளவுக்கு இருக்கும். கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் தொங்கும் சதை, நீளமான மஞ்சள் கால். ஆட்காட்டி என்று பெயர். மனித வாடை பட்டால் போதும், ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். நான் கேட்டுக்கு நடக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே வந்து கத்தியது. நாயைப் பார்த்துக் கத்துகிறது என்று நினைத்தேன். எங்களிடம் நாய் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார். கூடவே சித்தாள் வேலைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கொத்தனார் நூல் பிடித்துக் குழிக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா இரும்புச் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஜல்லியிடம் போனார். போன வேகத்தில் குனிந்தார். வானத்திலிருந்து அந்தப் பறவை அம்பு மாதிரி இறங்கி அவர் தலைத் துணியை உரசிக்கொண்டு மேலே போனது. அவர் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படியே நின்று குவியலைப் பார்த்தார். பிறகு என்னிடம் நடந்து வந்தார்.

"சார், இங்க வேல ஆவாது."

"ஏம்மா?"

"முட்ட வச்சிருக்கு."

"எது?"

"தல மேல கத்திக்கிட்டு கெடக்கே, அதான்."

போய்ப் பார்த்தேன். ஜல்லி இருந்தது. கருநீலம், சாம்பல், பழுப்பு என்று கல்தான் தெரிந்தது.

"எங்கம்மா?"

"உங்க காலுக்கு ரெண்டடி முன்னால."

குனிந்தேன். பறவை என் காதோரம் வந்து கத்திவிட்டுப் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கல்தான்.

"கண்ணாடிக் கட வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. ஒரு குச்சியை எடுத்து நீட்டிக் காட்டினார். குச்சி முனையில் ஒரு கல்லுக்கு வழுவழுப்பான முதுகு இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு. ஜல்லியின் நிறத்திலேயே, ஜல்லியின் கறுப்புப் புள்ளிகளோடு, கூரான முனைகள் நடுவில் கூடியிருக்க, பூப்போல வைத்திருந்தது. கூடு என்று ஒன்று இல்லை. லேசாக ஒரு குழி, அவ்வளவுதான்.

கொத்தனார் வந்து பார்த்தார்.

"இதுக்கா வேலய நிறுத்துறது? ஜல்லியோட சேத்து ஒரு சட்டியில அள்ளி அந்தாண்ட வச்சிடுவோம் சார்."

"அள்ளுங்க" என்றார் அந்த அம்மா. "நீங்களே அள்ளுங்க. நான் அள்ளல."

கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டடி வைத்தார். இந்தத் தடவை இரண்டு பறவைகள் வந்தன. ஒன்று முன்னாலிருந்தும் மற்றது பின்னாலிருந்தும். அவர் தலைப்பாகை கழன்று ஜல்லியில் விழுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவந்தவர், "டீச்சர் வரட்டும், கேட்டுக்குவோம்" என்றார்.

மனைவி சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். நின்று பார்த்தாள். பள்ளியில் அறிவியல் எடுக்கும் டீச்சருக்கு போன் போட்டு விசாரித்தாள். ஏறக்குறைய நாலு வாரம் அடைகாக்கும், நகர்த்திவைத்தால் தாய் மறுபடி உட்காராமல் போய்விடலாம் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு, "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வேலை இல்ல" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு வேறு வேலை இருந்தது, சந்தோஷமாகப் போனார்.

"நாலு வாரம் நான் மயிலுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை நாள் நின்னீங்க?"

"மூணு நாள்."

"முணுமுணுக்காம நின்னீங்கல்ல? இதுக்கும் நில்லுங்க."

வாசலிலிருந்து கேட்டுக்குப் போக அந்தக் குவியலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். மனைவி போனால் பறவை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடங்கிவிடும். பால்காரருக்கு நாலு முறை. என்னைக் கண்டால் மட்டும் கேட்டுக்கு வெளியேயும் துரத்தி வந்தது. முட்டையைத் தேடுகிறேன் என்று அன்றைக்கு முகத்தை அவ்வளவு கிட்டே கொண்டுபோனேனே, அதை அது மறக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பழைய ஹெல்மெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனேன். காரில் ஏறின பிறகும் சில நாள் கழற்ற மறந்துவிடும். ஹெல்மெட்டோடு கார் ஓட்டுகிறவனைப் பார்த்து டவுனில் போலீஸ்காரர் ஒருவர் ஓரம் கட்டச் சொன்னார். ஆனால் எதற்காக நிறுத்தினோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "சரி, போங்க" என்றார்.

அந்தச் சித்தாள் அம்மா வேறு வேலைக்குப் போகும் வழியில் தினமும் கேட்டில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அவரை அது ஒன்றுமே சொல்வதில்லை. எப்படி என்று கேட்டேன்.

"நேருக்கு நேரா அதப் பாக்காதீங்க சார். கல்யாண வூட்டுல வேண்டாதவன் எதுக்க வந்தா எப்புடிப் போவீங்க? அப்புடிப் போங்க."

அப்படியே போக முயன்றேன். எனக்கு வேண்டாதவர்கள் எதிரே வந்தாலும் ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிற பழக்கம் உண்டு. அது உடனே கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதற்கு அது தடை சொல்லவில்லை. காலையில் காபியோடு அங்கே நிற்க ஆரம்பித்தேன். ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காருவதைப் பார்த்தேன். ஒன்று அவசரமில்லாமல் நடந்துவரும், மற்றது எழுந்து, வேறெதற்கோ எழுந்தது மாதிரி நாலு கல்லைக் கொத்திப் போட்டுவிட்டு, விலகிப்போகும். இது போய் உட்காரும். சித்திரை பிறந்ததும் வெயில் ஏறியது. மத்தியானம் செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்க முடியவில்லை. மனைவி குழாயடியில் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்தாள். பறவை அதில் இறங்கி நிற்கும், வயிற்றுச் சிறகை நன்றாக நனைத்துக்கொள்ளும், சொட்டச் சொட்ட ஓடிப்போய் முட்டைகளின் மேல் உட்காரும். அரை மணி கழித்து மறுபடி வரும். இதை முதல்முறை பார்த்த அன்று நான் கடைக்குப் போக நேரமாகிவிட்டது.

மகள் திருச்சியிலிருந்து வீடியோ காலில் வருவாள். "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லும் முன்பே, "குருவியக் காட்டுங்க" என்பாள்.

இப்படி எல்லோரும் அதற்கு ஏதோ செய்கிறார்கள், நான் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு ஒரு குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அரியலூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். காலை பத்து மணிக்கே வெயில் பொரிந்தது. பரணில் ஒரு பெரிய கறுப்புக் குடை இருந்தது. அதை விரித்து, இரும்புக் கம்பியில் கட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய், அவ்வளவு கூச்சலுக்கும் நடுவில், முட்டைகளுக்கு மேலே நிழல் விழும்படி ஜல்லியில் ஊன்றிவிட்டு ஓடிவந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நிழல் சரியாக விழுந்திருந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி.

பறவை வரவில்லை. வேலி ஓரத்தில் நின்று கத்தியது. அதன் ஜோடியும் வந்து கத்தியது. பழகிக்கொள்ளும் என்று ஒரு காபி போட்டுக் குடித்தேன். அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. குடை நிழல் வெயிலோடு சேர்ந்து நகர்ந்து முட்டைகளை விட்டு விலகிப்போனதையும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு முட்டையும் மொட்டை வெயிலில் கிடந்தன. வேலியோரம் நின்ற பறவை வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது.

கேட்டருகே அந்த அம்மா நின்றார். கடைக்குப் போய்விட்டு வந்தவர் போலிருக்கிறது, கையில் பை.

"யாரு சார் குடைய வச்சது?"

"நான்தாம்மா. நெழலுக்கு."

"அதுக்கு அது நெழல் இல்ல சார். அங்க ஒரு ஆளு நிக்கிறான். எடுங்க மொதல்ல."

ஓடினேன். ஹெல்மெட் போட மறந்துவிட்டது. ஒரு அடி பின்மண்டையில் விழுந்தது. கம்பியைப் பிடுங்கிய வேகத்தில் ஜல்லி சரிந்தது. ஏதோ ஒன்று உருண்டு கீழே போனது. அது கல்லா முட்டையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து தேடினேன். கைக்கு வந்ததெல்லாம் கல்.

"நவுருங்க" என்று அந்த அம்மா உள்ளே வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, சரிவில் ஒரு சாண் கீழே கிடந்த முட்டையைப் புடவைத் தலைப்பால் எடுத்து மற்ற மூன்றோடு வைத்தார். கூர் முனை உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்தார். "வாங்க" என்று என்னை முன்னால் விட்டு வீட்டுக்குள் கூட்டிவந்து ஜன்னலைச் சாத்தினார். இடுக்கு வழியாக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருபது நிமிடம் இருக்கும். பறவை நடந்து வந்தது. நின்றது. திரும்பிப்போய்த் தட்டில் இறங்கி நனைந்தது. மறுபடி வந்து, முட்டைகளை மூக்கால் ஒருமுறை தள்ளிப் பார்த்து, மெல்லக் காலை மடக்கி உட்கார்ந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"டீச்சர்கிட்ட சொல்லாதீங்கம்மா" என்றேன்.

"நான் எதுக்கு சொல்றேன்" என்றார்.

மறுநாள் மனைவி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அந்தக் குடைய எங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள் என்று நினைக்கிறேன்.

அதற்குள், முட்டையைக் கண்ட நாளிலிருந்து மட்டும், மயில் இருபது காலைகள் காரை அடித்து முடித்திருந்தது. ஒருநாள் காலை அது வழக்கம் மாறி, வேலியைத் தாண்டி ஜல்லிப் பக்கமாக நடந்து வந்தது. எதையோ பொறுக்கிக்கொண்டே வந்தது. குவியலில் ஒரு கால் வைத்ததுதான் தாமதம். உட்கார்ந்திருந்தது ஒரு பக்கம் எழும்பியது, காவலுக்கு நின்றது மறுபக்கம் வந்தது. மயில் முதலில் இதை மதிக்கவில்லை. தோகையைக் கூட விரித்தது. விரித்த தோகைக்குள் ஒரு பறவை புகுந்து வெளியே வந்தது. அடுத்தது கொண்டைக்கு வந்தது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு, நான் அதுவரை பார்க்காத வேகத்தில், அறுத்த சோளத் தட்டைக்கு நடுவே ஓடியது. இரண்டும் அதைக் கொல்லை மூலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தன. நான் ஜன்னலில் நின்று காபி ஆறும்வரை பார்த்தேன்.

அன்றோடு மயில் எங்கள் பக்கம் வரவில்லை. நாலு நாள் கழித்துப் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தார்.

"உங்க மயிலு எங்க வூட்டுக்கு வந்து எம் புது பைக்கு டேங்க கொத்துது."

"அது எப்படிங்க என் மயிலாகும்? உங்க சோளத்தத் தின்னு வளந்தது."

அவர் யோசித்தார். "என்ன செய்யலாம்?"

"கல்லு கில்லு வுடக் கூடாது. கேஸு" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டுச் சிரித்தார். பரணிலிருந்து காரின் பழைய உறையை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். பைக்குக்கு அது பெரிதுதான், இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, அந்த அம்மா கேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"சார், ஓடு கெடக்கு."

மூன்று பொரித்திருந்தன. குஞ்சு என்றால் கோழிக் குஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவை ஈரம் காய்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டன. புள்ளி போட்ட பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால்கள். தாய் ஒரு குரல் கொடுத்தால் அந்தந்த இடத்தில் படுத்துவிடும், படுத்தால் காணாமல் போய்விடும். நாலாவது முட்டை அப்படியே இருந்தது. மத்தியானம் வரை பார்த்தோம். அசையவில்லை.

"உருண்டது அதுவாத்தான் இருக்கும்" என்றேன் மனைவியிடம். அன்று அவளுக்கு விடுமுறை.

"எல்லா முட்டையும் பொரிக்காதுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீங்க ஒண்ணும் வேணும்னு செய்யலயே" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று மத்தியானத்துக்குப் பிறகும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

நாலு மணிக்குத் தாய் குவியலை விட்டு இறங்கிக் கேட்டின் அடிவழியாக வெளியே நடந்தது. குஞ்சுகள் வரிசையில்லாமல் பின்னால் போயின. மண்பாதையைத் தாண்டிக் கரம்புக்குப் போகிற திட்டம். அந்த நேரம் பார்த்துச் சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தது பக்கத்துக் கொல்லைக்காரர். நான் ஹெல்மெட்டோடு ஓடிப்போய்ப் பாதை நடுவில் நின்று கையைத் தூக்கினேன்.

"என்ன கண்ணாடிக்காரரே?"

"குஞ்சு போவுது. கொஞ்சம் நிறுத்துங்க."

இஞ்சினை அணைத்தார். ஆண் பறவை முதலில் டிராக்டரை அடித்தது. பிறகு அவரை. அவர் துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, "எங்க, எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். மனைவி போனைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டில் நின்றாள். திருச்சியிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பாவ நகரச் சொல்லும்மா, மறைக்கிறாங்க."

இரண்டு குஞ்சு தாண்டிவிட்டன. மூன்றாவது டயர் பதிந்த பள்ளத்துக்குள் இறங்கி ஏற முடியாமல் நின்றது. ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது. தாய் அந்தப் பக்கம் நின்று மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பறவையிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் தூக்கிவிடப் போனேன். "சும்மா இருங்க" என்று மூன்று இடத்திலிருந்து சொன்னார்கள், போனுக்குள்ளிருந்தும். சும்மா இருந்தேன். குஞ்சு பள்ளத்தோடு கொஞ்ச தூரம் நடந்து, மண் சரிந்த இடமாகப் பார்த்து ஏறி, கரம்புக்குள் போனது. அங்கே காய்ந்த புல்லில் தாயையும் மூன்று குஞ்சுகளையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது ஒரு கணம்தான்.

டிராக்டர்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எம் பேத்திக்கு இதக் காட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்துக் கொத்தனார் வந்தார். முட்டை கிடந்த பக்கத்தைத் தொடாமல் அள்ளிய ஜல்லியில் தூண் எழும்பியது, பிறகு சுவர் எழும்பியது. வைகாசியில் கான்கிரீட் போடும் அன்று நாலைந்து பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். ஜல்லி அள்ளும் வேலை அந்த அம்மாவுக்கு. முதலில் அவர் பொரிக்காத முட்டையை எடுத்துப் போய்க் கரம்பு ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அங்க எதுக்கும்மா?" என்றேன்.

"கீரி ஏதாச்சும் வந்தா திங்கும். வீணாப் போவானேன்."

பிறகு மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் குனிந்து, அள்ளப்போகும் இடத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைப் போட்டார். மேலே கலவை காய்ந்துவிடும் என்று கொத்தனார் சாரத்தில் நின்று சத்தம் போட்டார். அந்த அம்மா நிமிரவில்லை.